இறக்குமதி லேசர் வெட்டுப்பொறி: வாங்குதலும் நிறுவுதலும்

தமிழ்ப் பள்ளிகளுக்கான எழுத்துப் பலகைகள், கொலு அலங்காரங்கள், கோல அச்சுகள், திருமண வரவேற்புப் பலகைகள், அரங்கேற்ற நினைவுப் பரிசுகள், வீட்டுப் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றைச் சிறிய அளவில் செய்து விற்க விரும்புவோர்க்கு லேசர் வெட்டுப்பொறி பெரிதும் பயன்படும். மெல்லிய மரப்பலகையையும் அக்ரிலிக் தகட்டையும் அது சில நிமிடங்களில் துல்லியமாக வெட்டித் தரும். சீனாவிலிருந்து இறக்குமதியாகும் பொறிகள் உள்நாட்டுப் பொறிகளைவிடக் குறைந்த விலையில் கிடைப்பதால், பலர் அவற்றையே முதலில் நாடுகின்றனர்.

விலைப்பட்டியலில் காணப்படும் தொகை மொத்தச் செலவின் ஒரு பகுதியே ஆகும். மலிவான பொறிகள் பலவற்றில் பாதுகாப்பு ஏற்பாடுகள் குறைவுபட்டிருக்கும். அவற்றை நிறைவு செய்யும் பொறுப்பு வாங்குபவரைச் சேரும். வீட்டோடு இணைந்த கராஜிலோ அடித்தள அறையிலோ பொறி வைக்கப்படுமானால், மேல்தளத்தில் உறங்கும் குடும்பத்தின் உயிர்ப்பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது. ஆகவே அறையை முதலில் ஆயத்தம் செய்து, அனுமதிகளைப் பெற்று, அதன் பின்னரே பொறிக்குப் பணம் செலுத்துவது முறையாகும். அவ்வரிசையிலேயே சிந்திக்க இப்பாடம் உதவும்.

1. பொறி செயல்படும் முறை

சீரொளி எனத் தமிழில் வழங்கப்படும் லேசர், 1960ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவரால் முதன்முதலில் இயக்கிக் காட்டப்பட்டது. மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரோ நியூ ஜெர்சியிலேயே பிறந்தது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் பயின்ற குமார் பட்டேல், மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் 1964ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். கார்பன் டை ஆக்சைடுடன் நைட்ரஜனையும் ஹீலியத்தையும் சேர்த்தால் ஆற்றல் பன்மடங்கு பெருகும் என்பது அவ்வாய்வுகளின் வழியே தெளிவாயிற்று. இன்று இறக்குமதியாகும் கண்ணாடிக் குழாய்களில் அடைக்கப்படுவதும் இம்மூன்று வாயுக்களின் கலவையே.

குழாயின் இருமுனைகளுக்கிடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் செலுத்தப்படும்போது 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கற்றை வெளிப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றையாகும். மூன்று ஆடிகள் அதனைத் திருப்பிவிட, இறுதியில் ஒரு வில்லை அதனைச் சிறு புள்ளியாகக் குவிக்கிறது. அப்புள்ளியில் பொருள் ஆவியாகி வெட்டுண்கிறது. எனவே மறைந்து செல்லும் கற்றை, உயர் மின்னழுத்தம், எரியும் பொருளின் புகை, தீ ஆகிய நான்கு இடர்கள் இப்பொறியோடு எப்போதும் உடன் வருகின்றன.

2. பொறியைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் மூன்று வகைகள் உள்ளன. கார்பன் டை ஆக்சைடு லேசர் மரம், அக்ரிலிக், தோல், துணி ஆகியவற்றுக்கு ஏற்றது. டையோடு லேசர் பொதுவாக 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியில் இயங்குவது, விலை குறைந்தது, ஆயினும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கை அதனால் வெட்ட இயலாது. 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் உலோகத்தில் பொறிப்பதற்குரியது. பலகை வேலைக்குப் பட்டறை அமைப்போர்க்கு முதல் வகையே பொருத்தமானது.

விளம்பரத்தில் குறிக்கப்படும் வாட் அளவை அப்படியே ஏற்க இயலாது. கண்ணாடிக் குழாயின் ஆற்றல் பெரும்பாலும் அதன் நீளத்தைப் பொறுத்ததாகும். சுமார் 700 மி.மீ. நீளமுள்ள குழாய் 40 வாட் வகையைச் சேர்ந்தது. 80 வாட்டுக்குச் சுமார் 1,250 மி.மீ., 100 வாட்டுக்குச் சுமார் 1,450 மி.மீ. நீளம் தேவைப்படும். 700 மி.மீ. குழாயைப் பொருத்திய பொறியை 60 வாட் என ஒருவர் விற்க முற்பட்டால், அக்கூற்று ஐயத்திற்குரியது. கே40 எனப் பரவலாக அறியப்படும் சிறிய பொறியில் குழாயின் உண்மையான ஆற்றல் 40 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே அமைவது வழக்கம். குழாய் தேய்ந்து தீரும் உறுப்பு என்பதால், மாற்றுக் குழாயின் விலையையும் அது கிடைக்கும் இடத்தையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

குளிர்விக்கும் கருவியைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். சிடபிள்யூ-3000 என்னும் வகை, விசிறியால் வெப்பத்தை வெளியேற்றுவது மட்டுமே. அறையின் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்விக்க அதனால் இயலாது. சிடபிள்யூ-5000 வகையில் கம்ப்ரஸர் உள்ளது. நியூ ஜெர்சியின் கோடையில் குளிரூட்டப்படாத கராஜில் முதல் வகை போதாது. எவ்வகையாயினும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு உரியதையே கேட்டுப் பெற வேண்டும்.

3. கூட்டாட்சிச் சட்டம் கூறுவது

1968ஆம் ஆண்டின் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், லேசர் பொருள்களை உணவு மற்றும் மருந்து நிர்வாகமாகிய எஃப்.டி.ஏ. ஒழுங்குபடுத்துகிறது. லேசருக்கான செயல்தர விதிகள் 1976 முதல் நடைமுறையில் உள்ளன. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 21ஆம் தலைப்பில் 1040.10, 1040.11 ஆகிய பிரிவுகளில் அவற்றைக் காணலாம்.

இவ்விதிகளின்படி தயாரிப்பாளர் எஃப்.டி.ஏ.விடம் பொருளறிக்கை அளித்திருக்க வேண்டும். அவ்வறிக்கைக்கு ஒரு பதிவெண் வழங்கப்படும். ஆங்கிலத்தில் இதனை ஆக்சஷன் எண் என்பர். பதிவெண் பெற்றிருப்பது அறிக்கை பெறப்பட்டதையே குறிக்கும், எஃப்.டி.ஏ. பொறியை ஆராய்ந்து ஒப்புதல் அளித்ததாக அதற்குப் பொருளில்லை. பொறியின்மீது தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, விதிகளுக்கு இணங்கும் என்னும் சான்று ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சி.இ. முத்திரை ஐரோப்பாவுக்குரியது, இந்நாட்டில் அது போதாது.

இறக்குமதியின்போது எஃப்.டி.ஏ. 2877 எண்ணுள்ள அறிவிப்புப் படிவம் அளிக்கப்பட வேண்டும். பொறி விதிகளுக்கு இணங்குகிறதா என்பதை அதில் அறிவிப்பவர் இறக்குமதியாளர். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து நேரடியாக வாங்குவோர், தாம் அறியாமலே இறக்குமதியாளராகிவிடக் கூடும். ஆகவே பணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெறுதல் இன்றியமையாதது:

• இப்பொறிக்குரிய எஃப்.டி.ஏ. பதிவெண் யாது?
• இது எந்த லேசர் வகுப்பைச் சேர்ந்தது?
• சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிவாகப் போகிறவர் யார்?

முழுவதும் மூடப்பட்டு, மூடியைத் திறந்தவுடன் கற்றையை நிறுத்தும் இன்டர்லாக் பொருத்தப்பட்ட பொறி முதல் வகுப்பில் அடங்கும். உள்ளே இருக்கும் கற்றையோ நான்காம் வகுப்பின் ஆற்றலுடையது. இன்டர்லாக் இல்லாத பொறியின் மூடியைத் திறந்தால், அவ்வாற்றல் அறைக்குள் வெளிப்படும்.

4. இறக்குமதிச் செலவைக் கணக்கிடுதல்

எஃப்.ஓ.பி. விலை என்பது ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேற்றுவது வரையிலான செலவை மட்டுமே உள்ளடக்கியது. சி.ஐ.எஃப். விலையில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும். டி.டி.பி. விலையில் சுங்கத் தீர்வையும் வீடுவரை கொண்டு சேர்க்கும் செலவும் சேர்க்கப்பட்டிருக்கும். எஃப்.ஓ.பி. விலையைக் கண்டு மலிவு எனக் கருதி வாங்குவோர், நெவார்க்-எலிசபெத் துறைமுகத்திற்குச் சரக்கு வந்து சேர்ந்த பின்னர்த் துறைமுகக் கட்டணம், கிடங்கு வாடகை, சரக்குந்துக் கட்டணம் என அடுத்தடுத்து வரும் பட்டியல்களை எதிர்கொள்ள நேரும்.

• 2,500 டாலருக்கு மேற்பட்ட வணிகச் சரக்குக்கு முறைசார் சுங்கப் பதிவும் சுங்கப் பிணையமும் தேவை. இதற்குச் சுங்கத் தரகரை அமர்த்துதல் வழக்கம்.
• 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த தீர்வை விலக்கு, 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. சிறிய பொறிக்கும் தீர்வையைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.
• லேசரால் இயங்கும் வெட்டுப்பொறிகள் 8456.11 என்னும் சுங்கத் தலைப்பில் அடங்கும். சீனப் பொருள்களின்மீதான கூடுதல் தீர்வைகள் அடிக்கடி மாறுவதால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைத் தரகரிடம் கேட்டறிய வேண்டும்.
• கடல்வழி வரும் சரக்கின் விவரங்கள், கப்பலில் ஏற்றப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னரே சுங்கத்துறைக்கு அளிக்கப்பட வேண்டும்.
• மரப்பெட்டியில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருத்தல் வேண்டும். பூச்சிகளைத் தடுக்க மரம் பதப்படுத்தப்பட்டதற்கு அதுவே அடையாளம். அது இல்லையேல் சரக்கு திருப்பி அனுப்பப்படலாம்.
• விற்பனையாளர் நியூ ஜெர்சி விற்பனை வரியை வசூலிக்காவிடில், 6.625 விழுக்காடு பயன்பாட்டு வரியை வாங்குபவரே மாநிலத்திற்குச் செலுத்த வேண்டும். 3,000 டாலர் விலைக்கு அது 198.75 டாலராகும். விற்பனைக்கான பொருள்களை உற்பத்தி செய்வதற்கே பெரும்பாலும் பயன்படும் பொறிக்கு விலக்கு உண்டு. பதிவு பெற்ற வணிகர் எஸ்.டி.-4 சான்றிதழை விற்பனையாளரிடம் அளித்து அதனைப் பெறலாம்.

சரக்கு வந்திறங்கும்போது, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுமுன் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, உடைந்தோ நசுங்கியோ உள்ள இடங்களைப் படமெடுத்து, வழங்கல் சீட்டில் குறித்துவிட வேண்டும். கண்ணாடிக் குழாயின் வெடிப்பு உடனே புலப்படாமல் இருக்கக் கூடும். குறிப்பின்றிக் கையொப்பமிட்டால் இழப்பீடு பெறுவது கடினமாகும்.

5. அறையை ஆயத்தம் செய்தல்

மின்சாரம்: இந்நாட்டின் 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்று 1,800 வாட் வரை தாங்கும், நெடுநேரம் தொடர்ந்து இயங்கும் பளுவுக்கு அதன் 80 விழுக்காடான 1,440 வாட்டே வரம்பு. பொறி, குளிர்விப்பான், புகை விசிறி, காற்றழுத்தி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் இயங்கும் என்பதால், இவற்றின் தேவையைக் கூட்டிப் பார்த்துத் தனிச் சுற்று அமைப்பது நல்லது. நீட்டிப்புக் கம்பியில் இவற்றை இணைத்தல் கூடாது.

220 வோல்ட் பொறியை வாங்குவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சீன மின்னமைப்பில் ஒரு கம்பி மட்டுமே மின்னோட்டமுள்ளது; மற்றொன்று நியூட்ரல். அமெரிக்க 240 வோல்ட் இணைப்பில் இரு கம்பிகளும் மின்னோட்டமுள்ளவை. பொறியின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், அணைத்த பின்னரும் உள்ளே மின்சாரம் நிலவும். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதனை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். புதிய மின்சுற்றுக்கு மாநிலக் கட்டுமான விதித்தொகுப்பின்கீழ் அனுமதியும் ஆய்வும் தேவை.

புகை: குழாய்வழியைக் கட்டடத்திற்கு வெளியே கொண்டு செல்ல வேண்டும்; மேல்மாடப் பரணிலோ சுவரிடையிலோ விட்டுவிடல் கூடாது. கரி வடிகட்டி நாற்றத்தைக் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அது நீக்குவதில்லை. பலரும் கவனிக்கத் தவறும் இடர் வேறொன்றும் உண்டு. வலிய விசிறி அறையின் காற்றை வெளியே இழுக்கும்போது, அதே அறையில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கலனோ வெப்பமூட்டும் உலையோ இருந்தால், அவற்றின் புகைபோக்கி வழியாக மேலே செல்ல வேண்டிய நச்சுவாயு வீட்டுக்குள்ளேயே திரும்பக் கூடும். ஆகவே வெளியேறும் அளவுக்கு ஈடான புதிய காற்று உள்ளே வர வழி அமைத்தல் வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அறையிலும் உறங்கும் பகுதியிலும் இயங்க வேண்டும்.

தீத்தடுப்பு: கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரும் கதவும் தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டவை. புகைக் குழாய்க்காக அச்சுவரில் துளையிடுவது அப்பாதுகாப்பைக் குலைக்கும். வெளிச்சுவர் வழியாகவே குழாயைக் கொண்டு செல்லல் தகும்.

தட்பவெப்பம்: குழாயைக் குளிர்விக்கக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும், குழாய்நீரில் உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். நீரின் வெப்பநிலை பொதுவாக 15 முதல் 20 பாகை செல்சியசுக்குள் வைக்கப்படும். ஈரப்பதம் மிகுந்த ஜூலை நாள்களில் இவ்வளவு குளிர்ந்த நீர் ஓடினால், குழாயின்மீது நீர்த்துளிகள் படிந்து மின்பொறி பாய ஏதுவாகும். அந்நாள்களில் அறையின் ஈரத்தைக் குறைத்தோ நீரின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தியோ இயக்க வேண்டும். குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படாத கராஜில் நீர் உறைந்து விரிவடைந்தால் குழாய் வெடித்துவிடும். டிசம்பருக்கு முன் நீரை முற்றிலும் வடித்துவிடுதல் அல்லது அறையை வெப்பமாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

6. நிறுவும் வரிசை

முதலாவது, மின்சாரம் இணைக்குமுன் உட்புறத்தை ஆராய வேண்டும். கடலில் பல வாரங்கள் அசைந்து வந்த பொறியில் திருகுகளும் மின்முனைகளும் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது, எர்த் இணைப்பைச் சோதிக்க வேண்டும். வண்ணப்பூச்சின்மீது திருகப்பட்ட எர்த் கம்பி பயனற்றது. பொறியின் உலோக உடல், மூடி, செருகியின் எர்த் முனை ஆகியவற்றுக்கிடையே தொடர்பு உள்ளதா என்பதை மின்பணியாளர் அளந்து காட்ட வேண்டும். உயர் மின்னழுத்த அமைப்பில், அணைத்த பின்னரும் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் பயிற்சியற்றோர் அதனைத் திறத்தல் கூடாது.

மூன்றாவது, மூடியின் இன்டர்லாக்கும், நீரோட்டம் நின்றால் லேசரை நிறுத்தும் உணரியும், அவசர நிறுத்தப் பொத்தானும் செயல்படுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். இல்லாதவற்றைப் பொருத்திய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது, நீரோட்டத்தைத் தொடங்கி, குழாயினுள் காற்றுக்குமிழிகள் தங்காதவாறு வெளியேற்ற வேண்டும்.

ஐந்தாவது, ஆடிகளைச் சீரமைக்க வேண்டும். ஒவ்வோர் ஆடியின் முன்பும் காகிதநாடாவை ஒட்டி, மூடியை மூடி, குறைந்த ஆற்றலில் ஒரு கணம் மட்டும் கற்றையைச் செலுத்தினால் கருகிய புள்ளி தோன்றும். தலைப்பகுதி அருகில் இருக்கும்போதும் தொலைவில் இருக்கும்போதும் அப்புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். மேசையின் நான்கு மூலைகளிலும் இதனைச் செய்து பார்த்த பின்னரே சீரமைப்பு முடிவடையும்.

ஆறாவது, குவியத் தொலைவைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான பொறிகளில் 50.8 மி.மீ. வில்லை இருக்கும். துத்தநாக செலினைடால் ஆன அவ்வில்லையை வெறுங்கையால் தொடலாகாது. உடைந்தால் துகள்களைக் கையுறையுடன் அகற்ற வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியில் 10,600 நானோமீட்டர் எனப் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். டையோடு லேசருக்கு 450, ஃபைபர் லேசருக்கு 1064 என வெவ்வேறு கண்ணாடிகள் தேவை. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

7. வெட்டத் தகுந்தவையும் தகாதவையும்

மெல்லிய ப்ளைவுட், அக்ரிலிக், அட்டை, பருத்தித் துணி ஆகியவை வெட்டத் தகுந்தவை. பி.வி.சி.யும் வினைலும் ஒருபோதும் வெட்டலாகாதவை. அவை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிட்டு நுரையீரலை ஊறு செய்வதோடு, பொறியையும் அரித்துவிடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஹைட்ரஜன் சயனைடை வெளியிடக் கூடியது. தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். குரோமியத்தால் பதனிட்ட தோலும் தவிர்க்கத்தக்கது. பெயர் தெரியாத பொருளை வெட்டாதிருப்பதே பாதுகாப்பு.

பொறி இயங்கும்போது அதன் அருகே எப்போதும் ஒருவர் இருத்தல் வேண்டும். தொலைபேசியை எடுக்கச் செல்வதாயினும் வேலையை நிறுத்திவிட்டே செல்ல வேண்டும். அக்ரிலிக்கில் எழும் சிறு சுடர், அடித்தட்டில் சேர்ந்த துகள்களைப் பற்றினால் விரைவில் பெருந்தீயாகும். தட்டை நாள்தோறும் துப்புரவு செய்தலும், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைக் கையெட்டும் தொலைவில் வைத்தலும் கட்டாயம். தீ அடங்காவிடில் அறைக் கதவை மூடிவிட்டு, அனைவரும் வெளியேறி 911 எண்ணை அழைக்க வேண்டும்.

8. தமிழ் எழுத்துகளை வெட்டும்போது

லேசர் மென்பொருள்கள் சிலவற்றில் கெ, கே, கை போன்ற எழுத்துகளின் குறிகள் இடம்மாறித் தோன்றும். வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைக் கோட்டு வடிவங்களாக மாற்றிய பின் அனுப்பினால் இக்குறை நீங்கும். அச்சுத் தகடு வெட்டும்போது அ, ண, ழ போன்ற எழுத்துகளின் மூடிய வளையங்களுக்குள் உள்ள பகுதி கழன்று விழும். அவற்றைப் பிடித்து நிறுத்தச் சிறு இணைப்புகள் விட வேண்டும். தனி எழுத்துகளாக வெட்டினாலோ மெய்யெழுத்தின் புள்ளியும் ஒற்றைக்கொம்பும் தனித்துண்டுகளாகப் பிரிந்துவிடும். அவற்றைப் பின்பலகையில் ஒட்டித் தருவதே நிலையான வழி.

9. எந்த அலுவலகத்தை எதற்கு நாடுவது

• நிலப்பயன்பாட்டு அலுவலர்: வீட்டில் தொழில் செய்ய அப்பகுதியில் இடமுண்டா என்பதை அறிய. விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும்.
• கட்டுமான அலுவலகம்: மின்சுற்று, புகைக் குழாய் ஆகியவற்றுக்கான அனுமதிக்கும் ஆய்வுக்கும்.
• தீத்தடுப்பு அலுவலர்: தீயணைப்பான், வெளியேறும் வழி, பொருள்களைச் சேமிக்கும் முறை பற்றி.
• காப்பீட்டு நிறுவனம்: வீட்டுக் காப்பீடு தொழிற்கருவியையும் அதனால் விளையும் தீயிழப்பையும் ஏற்குமா என்பதை எழுத்தில் பெற.
• நியூ ஜெர்சி சிறு வணிக மேம்பாட்டு மையங்கள்: ரட்கர்ஸ் வணிகப் பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மையங்கள் தொழில் தொடங்குவோர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன.
• பொது நூலகம்: மேக்கர்ஸ்பேஸ் எனப்படும் செய்பட்டறை சில நூலகங்களில் உண்டு. லேசர் பொறி உள்ள இடத்தில் சில வாரங்கள் பயின்று பார்த்தபின் வாங்குவதா என முடிவு செய்வது செலவையும் இடரையும் குறைக்கும்.

தன்மதிப்பீட்டு வினாக்கள்

1. விற்பனையாளர் குறிப்பிடும் வாட் அளவைச் சரிபார்க்க உதவும் அளவு யாது?
2. எஃப்.டி.ஏ. பதிவெண் எதனை உணர்த்துகிறது? எதனை உணர்த்தவில்லை?
3. எஃப்.ஓ.பி. விலையில் அடங்காத செலவுகளைப் பட்டியலிடுக.
4. எரிவாயு வெந்நீர்க் கலன் உள்ள அறையில் புகை விசிறியை இயக்குவதால் விளையக் கூடிய இடர் யாது? அதனைத் தவிர்க்கும் வழி என்ன?
5. தம் கராஜில் பொறி வைக்க எண்ணுபவர், பணம் செலுத்துமுன் நாட வேண்டிய அலுவலகங்களை வரிசைப்படுத்துக.